ஒரு கைச் சாப்பாடு

முந்நூறு பேருக்குச் சமைத்துப் போடுகிறவளுக்கு ஒரே ஒரு ஆளுக்குச் சமைக்கக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாஸ்டர் தன் வீட்டு அடுப்படியில் அரிசியை அளந்து பானையில் போட்டாள். பார்த்தால் அடியில் கொஞ்சூண்டு கிடக்கிற மாதிரி இருந்தது. இன்னும் ரெண்டு குவளை போட்டாள். பருப்பும் அப்படியே ஆயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே, இது பிள்ளை பெற்றவளுக்குச் சாப்பாடா, இல்லை தெருவுக்கே விருந்தா என்று கேட்டார். அவள் நாலு உருளைக்கிழங்கை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

தையல் ஆலைக் கேண்டீனில் அவள்தான் தலைமைச் சமையல். அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள். அவர்களை மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிட்டுப் பழகின வாய், இவள் வந்த பிறகும் மாறவில்லை. முதலில் கிண்டலுக்குக் கூப்பிட்டார்கள், அப்புறம் மரியாதைக்கு. இப்போது கட்டின புருஷனே அப்படித்தான் கூப்பிடுகிறார். நல்ல உயரம், அகலமான தோள், முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த தழும்பு. பேச்சு ரொம்பக் குறைச்சல். மனசுக்குப் பிடித்தவர்கள் தட்டை நீட்டினால் கரண்டி கொஞ்சம் ஆழமாக இறங்கும். அதை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதியை ஆலையில் வாயாடி என்பார்கள். மூன்றாவது வரிசையில் சட்டைக்குக் காலர் தைப்பவள். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, இரைச்சல் இல்லாத இடத்திலும் அதே குரல்தான். சாப்பாட்டில் குறை இருந்தால் மற்றவர்கள் தட்டைப் பார்த்து முனகுவார்கள். வாயாடி ஒருநாள் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள்ளேயே வந்து நின்றாள். பருப்பில் உப்பும் இல்லை, போட்டவளுக்கு அக்கறையும் இல்லை என்றாள். மாஸ்டர் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். உப்பு நிஜமாகவே இல்லை. மறுநாளிலிருந்து, பரிமாறுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணம் மூன்றாவது வரிசைக்குப் போகத் தொடங்கியது. வாயாடி தலையாட்டினால்தான் பாத்திரம் வெளியே வரும். சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவருக்கும் வயிறு இருந்தது.

வாயாடி உண்டானது நாற்பதைத் தாண்டின பிறகு. டாக்டரே ரெண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னாராம். அதை அவள் முதலில் வந்து சொன்னது மாஸ்டரிடம், ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு. மாஸ்டர் அவளை ஒரு மூட்டைமேல் உட்காரவைத்து, ஒரு தம்ளர் பால் கொண்டுவந்து கொடுத்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. குழந்தை பிறந்ததும் மூன்றாவது வரிசை முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. மாஸ்டர் கோழி வேகவைத்த சாறு ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்பினாள். கேண்டீனை விட்டுவிட்டு எங்கே வருவது என்றாள். நியாயம்தானே என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

வாயாடியின் புருஷன் தூரதேசத்துக்கு லாரி ஓட்டுகிறவர். பிறந்த பெண் குழந்தையைக் கையில் வாங்கி, கிடைத்த லீவையெல்லாம் தின்று தீர்த்து, இனி போகாவிட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள் என்ற நிலையில் கிளம்பினார். உதவிக்கு வந்த தங்கைக்கும் தன் குடும்பம் இருந்தது. பத்து நாள் இருந்தாள், அழுதுகொண்டே போனாள். மூன்றாவது மாடியில் ரெண்டு அறை வீட்டில் வாயாடியும் குழந்தையும் மட்டும் மிஞ்சினார்கள். அன்றைக்குத்தான் மாஸ்டர் முடிவு செய்தாள், வாரத்துக்கு வேண்டியதை ஞாயிற்றுக்கிழமை சமைத்து, ஆறவைத்து, டப்பா போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று. எடுத்தோம், சூடு பண்ணினோம், சாப்பிட்டோம் என்று இருக்கட்டும்.

அதை அவள் ஒரு வேலையாகவே செய்தாள். சோறு தனியாக, பருப்பு தனியாக, காய் தனியாக. சூட்டோடு மூடினால் வியர்த்துவிடும் என்று ஜன்னலோரம் வரிசையாக ஆறவைப்பாள். கேண்டீனில் வெளியே சாப்பாடு அனுப்ப வைத்திருக்கும் டப்பாக்கள், நாலு பக்கமும் கொக்கி போட்டு இறுக்குகிற ரகம். தன் கைக்குத் திருப்தி வராமல் புருஷனை விட்டு இன்னொரு தடவை அழுத்தச் சொல்லுவாள். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பாள். ஒரு சொட்டு சிந்தாது. அப்புறம் ரெண்டு பெரிய பை, ரெண்டு பஸ், மூன்று மாடி. கதவு திறந்ததும் டப்பாக்களை வாசலுக்கு உள்ளே எடுத்து அடுக்கி, காலிப் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் போயிடும் என்று இறங்கிவிடுவாள்.

முதல் வாரம் வாயாடி வாசலில் நின்று நிறையப் பேசினாள். அடுத்த வாரம், சரிக்கா, வெச்சிடு என்றதோடு சரி. போன வாரத்து டப்பா எங்கே என்று கேட்டதற்கு, கழுவி வைக்கிறேன் என்றாள். கழுவுவதற்கு என்ன, நான் கழுவிக்கொள்கிறேன் என்று மாஸ்டர் சொல்லியிருக்கலாம். அதற்கு உள்ளே போக வேண்டும். போகவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள், இவளா இப்படி ரெண்டு வார்த்தையில் முடித்தாள் என்று. தூக்கம் இல்லாத உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று தானே ஒரு பதில் சொல்லிக்கொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு விடியும்போதே மழை. நாள் பூரா விடவில்லை. பஸ் ஜன்னல் சரியாக மூடாமல் மாஸ்டரின் ஒரு பக்கத் தோள் ஊறிப்போயிற்று. பைகளை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாடி ஏறிக் கதவைத் தட்டினால் அது தாளிடாமல் இருந்தது. தட்டின தட்டில் திறந்துகொண்டது. உள்ளே இருந்து, உள்ள வெச்சிடுக்கா என்று ஒரு குரல். அது வாயாடியின் குரல் என்று நம்ப ஒரு நிமிஷம் ஆயிற்று.

மழை ஈரத்தில் சாப்பாட்டைத் தரையில் வைக்க மனசு வராமல் மாஸ்டர் சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அவள் கொண்டுவந்த டப்பாக்கள் அவள் அடுக்கின வரிசையிலேயே இருந்தன. போன வாரத்தது, அதற்கு முந்தின வாரத்தது. ஒரே ஒரு டப்பாவைத் தவிர எதிலும் கொக்கி விலகியிருக்கவில்லை. பழைய டப்பாக்களின் மூடி உப்பியிருந்தது. ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள், கனம் குறையவில்லை.

கேண்டீனில் தட்டு நிறைந்தபடி திரும்பி வந்தால் மாஸ்டருக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. இங்கே ரெண்டு வாரச் சாப்பாடு திரும்பியிருந்தது. முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த அறையில் வாயாடி ஒரு நாற்காலியில், குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை வாரிப் பல நாள் ஆகியிருக்கும். கன்ன எலும்பு வெளியே தெரிந்தது. வந்த கோபம் பாதியிலேயே நின்றது.

"ஏன்டி, என் சாப்பாடு பிடிக்கலையா?"

"பிடிக்காம என்னக்கா."

"அப்புறம் ஏன் எல்லாம் அப்படியே கிடக்கு?"

வாயாடி குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "திறக்க முடியலைக்கா" என்றாள்.

மாஸ்டருக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்றிருந்தது.

"மூடி. அதைத் திறக்க ரெண்டு கை வேணும். எனக்கு ஒரு கைதான் இருக்கு."

அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னாள். குழந்தையைக் கீழே விட்டால் அழுகிறது. அழுதால் மூச்சுப் பிடித்து முகம் நீலம் பாரிக்கிறது. ராத்திரியும் பகலும் தோளில்தான். ஒருநாள் டப்பாவை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பல்லால் கொக்கியை இழுத்துத் திறந்திருக்கிறாள். சூடு பண்ணி, தட்டில் போட்டு, பிசைந்து ஒரு வாய் வைப்பதற்குள் குழந்தை அழுதிருக்கிறது. எச்சில் கையோடு எப்படித் தூக்குவது? கழுவிவிட்டு ஓடிவந்து தூக்கி, சமாதானம் பண்ணி முடித்தால் சோறு ஆறிப்போய்விட்டது, பசியும் போய்விட்டது. அதற்குமேல் அந்தப் பக்கமே போகவில்லை. பன்னும் பிஸ்கட்டும்தான். அதைப் பிரித்து வைத்தால் போகிற வருகிற போக்கில் எடுத்துக்கொள்ளலாம். நர்ஸம்மா வந்து எடை போட்டுப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு ஏறவே இல்லை, அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று காலையில் பாத்ரூமில் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. குழந்தையோடு விழுந்துவிடக் கூடாது என்று ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறாள், தெளிகிற வரைக்கும்.

"இதை ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"எங்கக்கா சொல்றது? நீதான் பஸ் போயிடும்னு வாசலோட ஓடுறியே."

மாஸ்டர் போய்ப் புது டப்பாவைத் திறந்தாள். அவள் விரலுக்கே கொஞ்சம் வலித்தது. சோற்றையும் பருப்பையும் சூடு பண்ணிக் குழையப் பிசைந்து, ஸ்பூன் போட்டு எடுத்துவந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஊட்டிவிட்டாள். வாயாடி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள். கிண்ணம் காலியாகும் வரை மாஸ்டர் அவள் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் ஒரு சாண் கீழே இறங்கவில்லை. பழைய டப்பாக்களையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்கு வரேன் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

திங்கட்கிழமை லீவு போட்டாள். ஃபோனை எடுத்த கேண்டீன் மேனேஜர், உடம்புக்கு என்ன என்று மூன்று தடவை கேட்டார். மாஸ்டர் லீவு போட்டு அவர் பார்த்ததில்லை.

இந்தத் தடவை அவள் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் வெகுநேரம் யோசித்தாள். மறுபடி சூடு பண்ண வேண்டியிருக்கக் கூடாது, ஆறினாலும் சாப்பிட நன்றாக இருக்க வேண்டும். விரலில் ஒட்டக் கூடாது. பிசைய, உரிக்க, பிய்க்க ஒன்றும் மிச்சம் வைக்கக் கூடாது. ஒரு கை, ஒரு வாய். முட்டையை வேகவைத்து உரித்துப் பாதி பாதியாக நறுக்கி உப்பும் மிளகும் தூவினாள். உருளைக்கிழங்கை வாயளவுக்கு வெட்டி மொறுமொறுவென்று வறுத்தாள். சோற்றைப் பருப்போடு குழைய விட்டு, கெட்டியாக்கி, எலுமிச்சையளவு உருண்டைகளாகப் பிடித்து, மேலே ஒட்டாமல் இருக்க எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டினாள். கோழியை வேகவைத்து நாராகக் கிழித்து ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டினாள். அந்தச் சாற்றை, குழாய் வைத்த பாட்டிலில் ஊற்றினாள், உறிஞ்சிக் குடிக்க. கொக்கி டப்பா ஒன்றுகூடக் கிடையாது. சின்னச் சின்னக் கிண்ணம், மேலே ஒரு தட்டு. கட்டைவிரலால் தள்ளினால் விலகும்.

சரியாக வருமா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். புருஷனைக் கூப்பிட்டு, தலையணை ஒன்றைக் கையில் கொடுத்து, இதைக் குழந்தை மாதிரிப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டுக் காட்டுங்கள் என்றாள். அவர் எலெக்ட்ரீஷியன். அன்றைக்கு ஒரு வீட்டில் ஒயரிங் வேலை இருந்தது, ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். தலையணையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, கிண்ணத்தைத் திறந்து, ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, பிரமாதம் மாஸ்டர் என்று அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தார். முட்டை சரி. உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் சின்னதாக இருக்கலாம். ரொட்டிச் சுருள் பிரிகிறது, ஒரு குச்சி குத்தினால் தேவலை. அவள் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

நிமிர்ந்து பார்த்தபோது அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். சாப்பிடவில்லை. கை தன்பாட்டுக்குத் தலையணையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் நிறுத்தினார். தலையணையை விட்டெறியாமல், கட்டிலில் மெதுவாக, தலைப்பக்கம் சரியாக இருக்கும்படி வைத்தார்.

"அந்தக் குட்டிப் பொண்ணை நீ இன்னும் பாக்கலைல்ல" என்றார்.

அவள் ரொட்டியில் குச்சியைக் குத்திக்கொண்டிருந்தாள். அவர் பைகளைத் தூக்கி பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

மழை தூறலாகக் குறைந்திருந்தது. வாயாடி நேற்றுப் போலவே நாற்காலியில் இருந்தாள். மாஸ்டர் கிண்ணங்களை எடுத்துவைத்தாள், அவள் நடக்கிற வழியெல்லாம். கட்டிலோரம் ஒன்று, ஜன்னல் விளிம்பில் ஒன்று, வாஷிங் மெஷின் மேலே ஒன்று, பாத்ரூம் போகிற வழியில் இருந்த அலமாரியில் ஒன்று. சாற்று பாட்டிலை நாற்காலிக்குப் பக்கத்தில். வாயாடி எழுந்து வந்து தட்டை விரலால் தள்ளிவிட்டு ஒரு முட்டைப் பாதியை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்று. அப்புறம் உருண்டை. அறையைச் சுற்றி நடந்தபடியே ஒரு கிண்ணத்தைக் காலி பண்ணினாள். மாஸ்டர் பையை மடிக்க ஆரம்பித்தாள்.

"பஸ் போயிடுமா?" என்றாள் வாயாடி.

மாஸ்டர் பையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இவ மூக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? முடி இருக்கா இல்லையான்னு தெரியுமா? நேத்து எனக்கு ஊட்டிவிட்ட. உன் முழங்கை இவ தலையில இடிக்கிற தூரத்துல இவ இருந்தா. நீ குனிஞ்சே பாக்கல. என் பிள்ளை உனக்கு என்ன பண்ணிச்சு?"

"கையெல்லாம் வெங்காய நாத்தம்டி."

"கழுவு."

மாஸ்டர் போய்க் கழுவினாள். சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவினாள். திரும்பி வந்து ஈரக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அறைக்கு நடுவில் நின்றாள். துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"எனக்கும் ஒண்ணு பொறந்துச்சு" என்றாள். "நீயெல்லாம் ஆலைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி. ஏழு மாசத்துலயே வந்துடுச்சு. அழவே இல்ல. நர்ஸ் துணியில சுத்தி எடுத்துட்டு வந்து, ஒரு தடவை கையில வாங்கிக்கிறீங்களான்னு கேட்டாங்க. நான் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன். அவர்தான் வாங்கினார். ரொம்ப நேரம் வெச்சிருந்தார். நான் திரும்பவே இல்ல." தன் ஈரக் கையைப் பார்த்தாள். "அதுக்கப்புறம் யார் பிள்ளையையும் நான் தூக்கினதில்ல. தூக்கினா எனக்கு என்ன ஆகும்னு தெரியல."

வாயாடி நடப்பதை நிறுத்தினாள். குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ படியில் குடையை உதறுகிற சத்தம் கேட்டது.

"எனக்கும் தெரியலக்கா" என்றாள் கடைசியில். "இவளைக் கீழ வெச்சா என்ன ஆகும்னு. அழறாளேன்னு சொல்றேன். அழுதா அழட்டும்னு நாலு நிமிஷம் விடலாம்தான். எனக்குத்தான் பயம். சாமி இத்தனை வருஷம் கழிச்சுக் குடுத்துட்டு, நான் கண்ணசந்த நேரம் பாத்து வாங்கிட்டுப் போயிடுமோன்னு. மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். யார்கிட்டயாவது குடுக்கணும்க்கா. எல்லார்கிட்டயும் குடுக்க முடியாது."

அவள் ரெண்டடி முன்னால் வந்தாள். மாஸ்டரின் கை தானாக உயர்ந்தது, பெரிய பாத்திரத்தை இறக்கும்போது உயர்கிற மாதிரி. அந்தக் கைகளுக்குள் குழந்தையை வைத்துவிட்டு வாயாடி தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

கனமே இல்லை. மாஸ்டர் பயந்துபோனது அதற்குத்தான். ஒரு கோழியின் எடைகூட இல்லாத ஒன்று, சூடாக, உள்ளே என்னவோ படபடவென்று அடித்துக்கொண்டு. மூக்கு சப்பையாக, வாயாடி மூக்கு மாதிரியே இருந்தது. முடி நிறைய. குழந்தை முகத்தைச் சுளித்து, நெளிந்து, வாயைத் திறந்து வீறிட்டது. வாங்கிக்கோ வாங்கிக்கோ என்றாள் மாஸ்டர். வாயாடி வாங்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் மாஸ்டர் குழந்தையைத் தன் அகலமான மார்பில் சாய்த்துக்கொண்டு, காலை அகட்டி நின்று, பெரிய அண்டாவைக் கிண்டுகிறவள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினாள். அழுகை விக்கலாயிற்று. விக்கல் பெருமூச்சாயிற்று. குழந்தையின் கன்னம் அவள் கழுத்துக்குக் கீழே எங்கேயோ ஒட்டிக்கொண்டது. மாஸ்டரின் கண்ணிலிருந்து வடிந்ததைத் துடைக்க அவளிடம் கை இல்லை. வாயாடிதான் துடைத்துவிட்டாள்.

அப்புறம் வாயாடி மேஜைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ரெண்டு முழங்கையையும் மேஜைமேல் ஊன்றிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். ஒரு தடவைகூட எழுந்து வந்து மூச்சு வருகிறதா என்று பார்க்கவில்லை. மாஸ்டர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டாள். எழுந்து போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, சும்மா அஞ்சு நிமிஷம் படுக்கிறேன்க்கா என்று சொல்லும்போதே தூங்கிப்போனாள்.

நர்ஸம்மா மறுபடி வந்து எடை போட்டதும், எடை ஏறியிருந்ததும், ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்காமல் ஒரு ரொட்டிச் சுருளைச் சாப்பிட்டுவிட்டுப் போனதும், லாரி திரும்பி வந்ததும், லாரிக்காரருக்கு மாஸ்டர் சோற்று உருண்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும், மாஸ்டரின் புருஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கூடவே கிளம்பி வந்ததும் எல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு அந்த வீட்டில் விழித்திருந்தது மாஸ்டர் மட்டும்தான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போயிற்று. மடித்த பை தரையில் கிடந்தது. ஒரு பஸ் போயிற்று, இன்னொன்றும் போயிற்று.

சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் வந்தபோது குழந்தை கண்ணைத் திறந்தது. அழவில்லை. தன்மேல் குனிந்திருந்த அந்தப் பெரிய முகத்தை உற்றுப் பார்த்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. குழந்தையிடம் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் தெரிந்ததைச் சொன்னாள், வாயாடி எழுந்துவிடாதபடி ரொம்பத் தணிந்த குரலில்: நாளைக்கு முட்டைக்கோஸ். விடியறதுக்கு முன்னாடி லோடு வந்துடும். மேல் இலையைப் பிரிச்சுப் போடணும், பூச்சி இருக்கும். நறுக்க நாலு பேர் வேணும். ஒருத்தி சொல்லாம லீவு எடுப்பா, அவளைத் திட்டணும். பெரிய கிரைண்டர் போன வாரத்துலேருந்து சரியா சுத்தல, உங்க பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டணும்...

குழந்தை கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.